பெர்மிட் வயலில் மனைவியின் பெயர் ஏன் இல்லை?

மூதூர்வாசி:
இலங்கையில், திருகோணமலை மாவட்டத்து அல்லை, கந்தளாய்ப் பக்கம் களை பிடுங்குவது, அருவி வெட்டுவது (நெல் அறுவடை) எல்லாம் பெண்களும்தான். பெர்மிட் (அரச காணியைச் செய்ய அரசு தரும் அனுமதிப்பத்திரம்) மட்டும் ஆம்பிளையின்ர பேரில். இது வழமையா, சட்டமா? அவர் இறந்தால் மனைவிக்கு என்ன மிஞ்சும்?

காணிக்கந்தோர்:
இரண்டும்தான். 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தில் (பெர்மிட்காரர் இறந்தபின் காணி யாருக்கு என்ற உரிமையில்) மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022 திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஆண் பெயரில் கொடுத்த பெர்மிட்டுகள் தானாக மாறாது. மனைவியைப் பின்னுரித்தாளராக நியமிக்காவிட்டால், கணவனுக்குப் பிறகு மனைவி தான் சாகும்வரை காணியை அனுபவிக்கலாம். தனக்குப் பின் யாருக்கு என்று எழுத முடியாது.

தம்பலகாமம்:
வேடிக்கை என்னவென்றால், வீட்டைச் சீதனமாக மகளுக்கு எழுதும் ஊர்களிலேயே வயல் மகனுக்குப் போகிறது. பெர்மிட்டில் பெயர் இல்லாத பெண்ணுக்கு வங்கிக் கடனும் சிக்கல், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் பேச்சும் எடுபடாது.

காணிக்கந்தோர்:
செய்ய வேண்டியது: கணவன் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் நியமனப் படிவம் போடுங்கள். அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று நேரில் பாருங்கள். அநேகமாகப் பிழைக்கும் இடம் இதுதான்: கையொப்பம் இருக்கும், பதிவு இருக்காது. இறப்புக்கு முன் பதியாத நியமனம் செல்லாது.

மூதூர்வாசி:
ஆள் இறந்துவிட்டால்?

காணிக்கந்தோர்:
6 மாதத்துக்குள் மனைவி காணியைப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் உரிமை போகும். இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பெர்மிட்டோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கலியாணம் பதியாதவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுப்படுவார்கள்.