பழைய கம்ப்யூட்டரில் "பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்" என்று வரும் பக்கம்: எது நிஜம், எது போலி?

கேள்வி – சாளரம்7

விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம், குரோம் 109. கூகுளில் தேடிப் போகும் சாதாரணத் தளங்கள் சிலவற்றில், படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் மறைந்து, குரோம் சின்னத்தோடு "உங்கள் பிரவுசர் பழையது, அப்டேட் செய்தால்தான் தொடர முடியும்" என்று வருகிறது. பக்கத்தை மறுபடி திறந்தால் வருவதில்லை. இன்னொரு பக்கம் குரோமே மேலே ஒரு பட்டையில் "இனி அப்டேட் வேண்டுமானால் விண்டோஸ் 10 தேவை" என்கிறது. என்னுடையது உண்மையிலேயே பழைய பதிப்புதான் என்பதால் எதை நம்புவது என்று புரியவில்லை. வீட்டில் இன்னும் இரண்டு பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டரை உடனே மாற்ற வழியில்லை.

பதில் – தாழ்ப்பாள்

மேலே பட்டையில் வருவது நிஜம். பக்கத்துக்குள் வருவது போலி.

விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109தான் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். ஆகவே உங்கள் கம்ப்யூட்டருக்குப் புது குரோம் என்று ஒன்று இல்லவே இல்லை. இருக்கிறது என்று சொல்லும் பக்கம் எதுவானாலும் பொய். பார்க்க எவ்வளவு அசலாக இருந்தாலும் ஆராய்ந்துகொண்டு உட்கார வேண்டாம். ஃபிளாஷ் பிளேயர் அப்டேட்டும் அப்படித்தான்: அடோபி அதை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது.

மறுபடி திறந்தால் ஏன் வரவில்லை? பெரும்பாலும் அந்தத் தளம் நல்ல தளம்தான். அதை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குள் யாரோ புகுந்து ஒரு ஸ்கிரிப்டைச் (சிறு நிரலை) செருகியிருப்பார்கள். சாக்கோலிஷ் என்று சொல்லப்படும் வகை, விண்டோஸிலிருந்து வருபவரா, தேடுபொறி வழியாக வந்தவரா என்று பார்த்து, ஒருவருக்கு ஒரே முறை காட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும். தளத்தின் சொந்தக்காரர் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "இரண்டாவது முறை சரியாக வந்தது, அதனால் பிரச்சினை இல்லை" என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்ல ஒரே விதி: முகவரிப் பட்டைக்குக் கீழே, பக்கத்துக்குள் தெரிவதெல்லாம் அந்தத் தளம் வரைந்தது. நிஜமான அப்டேட் பின்னணியில் தானாக இறங்கும்; வலது மூலையில் மூன்று புள்ளிக்குப் பக்கத்தில்தான் சொல்லும்; கேட்பது ரீஸ்டார்ட் மட்டும்தான். ஃபைலை இறக்கிக் கையில் கொடுத்து "இரண்டு முறை கிளிக் செய்யுங்கள்" என்று கேட்காது. சந்தேகம் வந்தால் மெனு, ஹெல்ப், அபவுட் என்று நீங்களாகவே போய்ப் பாருங்கள்.

பதில் – நோட்பேட்காரர்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் விதி தெரிந்தவரும் அவசரத்தில் கிளிக் செய்வார். கிளிக் செய்தாலும் ஒன்றும் ஆகாதபடி கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

இந்தப் போலி அப்டேட்டில் பெரும்பாலும் இறங்குவது ஒரு ஜிப், அதற்குள் ஒரு ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) ஃபைல். அதே ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடினால் வேலிக்குள் இருக்கும். வெளியே டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் அதை எடுத்து, உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையோடும் ஓட்டும். அதை இப்படித் தடுக்கலாம்:

எக்ஸ்ப்ளோரரில் ஆர்கனைஸ், ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ், வியூ. அங்கே "ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபார் நோன் ஃபைல் டைப்ஸ்" டிக்கை எடுங்கள். இப்போது ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கி அதன் எக்ஸ்டென்ஷனை ஜேஎஸ் என்று மாற்றுங்கள். ரைட் கிளிக், ஓப்பன் வித், சூஸ் டீஃபால்ட் புரோகிராம், நோட்பேட். "எப்போதும் இதையே பயன்படுத்து" டிக் இருக்கட்டும். இனி அந்தப் போலி ஃபைலைத் திறந்தால் நோட்பேடில் கிறுக்கலாக எழுத்து வரும், அவ்வளவுதான். ஜேஎஸ்இ, விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ நான்குக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு யூசர் கணக்கிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எக்ஸி ஃபைலை இது தடுக்காது. அதனால் தினசரி வேலைக்கு எல்லோருக்கும் ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரோம் 109-ஐ விட்டு ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர்-க்கு மாறுங்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ் வரிசை அது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களின் கடைசித் தேதியை மொசில்லா பலமுறை தள்ளிவைத்திருக்கிறது. இப்போதைய தேதியை மொசில்லா தளத்திலேயே பாருங்கள். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டால் இந்த மாதிரி ஸ்கிரிப்டுகள் பலவும் வாசலிலேயே நிற்கும்.

பதில் – சிவப்புவிளக்கு

ஒன்று விட்டுப்போயிற்று. இப்போது ஃபைலே இறக்காமல் ஏமாற்றுகிறார்கள். "அப்டேட் தோல்வி. சரிசெய்ய விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தி, கன்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று பக்கம் சொல்லும். நீங்கள் பட்டனைத் தொட்டபோதே கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடத்தில்) ஒரு பவர்ஷெல் கட்டளையை, அதாவது விண்டோஸையே இயக்கும் கட்டளையை, வைத்திருப்பார்கள். அந்தக் கீகள் திறக்கும் ரன் பெட்டி சின்னது. நீளமான கட்டளையின் கடைசித் துண்டுதான் கண்ணில் படும், அங்கே "சரிபார்ப்பு எண்" மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். நோட்பேட் ஏற்பாடு இதற்கு உதவாது. எந்த இணையப் பக்கம் சொல்லியும் ரன் பெட்டியில் எதையும் ஒட்டக் கூடாது, விதிவிலக்கே கிடையாது.

பக்கம் மூட விடாமல் முழுத்திரையாக நின்றால் எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது "ரீஸ்டோர்" கொடுக்காதீர்கள்.

சாளரம்7

நன்றி. டவுன்லோட்ஸில் அப்படி ஒரு ஜிப் ஏற்கெனவே கிடக்கிறது. யாராவது திறந்தார்களா என்று தெரியவில்லை. இப்போது என்ன செய்வது?

பதில் – தாழ்ப்பாள்

திறக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் நீக்கினால் போதும். தெரியவில்லை என்றால் திறந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ முதலில் மெயில் பாஸ்வேர்டையும் அடுத்து வங்கி பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கூடவே "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுங்கள். இந்த வகை மால்வேர், லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீயையும் சேர்த்துத் திருடும். பழைய லாகின் உயிரோடு இருந்தால் புது பாஸ்வேர்டு போட்டும் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் கிளையன்ட்32 என்ற எக்ஸி கிடந்தால், நெட்சப்போர்ட் என்ற ரிமோட் மென்பொருளை நிறுவியிருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். படங்கள், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்கை அழித்துப் புதிதாக நிறுவுங்கள்.

எப்படியும் புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்றால், பிராசஸர் 64 பிட்டாக இருக்கும் பட்சத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். அதற்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் வேண்டும், உங்களிடம் 4 இருக்கிறது. பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவலாம். அதில் ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட்டும் அப்டேட் மேனேஜர் வழியாகத்தான் வரும்.