மொச்சைக்கு ஒரு வீடு

சனிக்கிழமை

மீனா: எல்லோருக்கும் வணக்கம். யாழினி பிறந்த நாளுக்கு வாங்கிய ஆமைக்குட்டி இதுதான். ஹெர்மன் ஆமை என்ற இனம், எட்டு மாதக் குட்டி, எடை 41 கிராம். மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கிறது என்று யாழினி மொச்சை என்றே பெயர் வைத்துவிட்டாள். ஆனால் வந்து ஐந்து நாளாகிறது, கண்ணாடித் தொட்டியின் மூலையில் நின்று கண்ணாடியையே பிறாண்டிக்கொண்டு இருக்கிறது, நேற்றிலிருந்து சாப்பாடும் குறைந்துவிட்டது. சுந்தர் அண்ணா, நீங்கள் நியூரம்பர்க்கில் இரண்டு வளர்க்கிறீர்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: இத்தனூண்டு இருக்கிறதே! ஆமை புகுந்த வீடு என்று பெரியவர்கள் சொல்வார்களே மீனா, அதுதான் மனசுக்குள் உறுத்துகிறது.

பெரியப்பா: அது பொறாமை, கல்லாமை, முயலாமை என்ற ஆமைகளைச் சொன்னது என்று எங்கள் தாத்தா சொல்வார். இந்த வாயில்லா ஜீவன் என்ன செய்தது? மீனாம்மா, சான்றிதழோடு தானே வாங்கினாய்?

மீனா: ஆமாம் பெரியப்பா, விற்றவரே கொடுத்தார். வளர்ந்து அடிவயிற்று ஓடு 100 மில்லிமீட்டர் ஆனதும் மைக்ரோசிப் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சுந்தர்: மீனா, படம் பார்த்தேன். குட்டி நன்றாகத்தான் இருக்கிறது, வீடுதான் சரியில்லை. ஆமைக்குக் கண்ணாடி என்ற ஒன்று புரியாது, எதிரே வெளி தெரிகிறது, நடந்தால் முட்டுகிறது, அதனால் நாள் முழுக்க அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். நாலு பக்கமும் மறைத்து மேலே மட்டும் திறந்த மரப்பெட்டி வேண்டும். கீழே போட்டிருப்பது என்ன, மரத்தூள் உருண்டையா?

மீனா: ஆமாம், கடையில் அதுதான் கொடுத்தார்கள். அடியில் சூடாக்கும் விரிப்பு ஒன்றும் இருக்கிறது.

சுந்தர்: இரண்டையும் இன்றே எடுத்துவிடு. ஆமைக்குச் சூடு மேலேயிருந்து வரவேண்டும், வெயில் மாதிரி. அதிகமாகச் சூடு பட்டால் குளிர்ச்சி தேடி மண்ணைத் தோண்டிக் கீழே போகும், அங்கே விரிப்பு சுட்டால் பாவம் எங்கே போகும்? அப்புறம் அந்த உருண்டை காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். சின்னக் குட்டிக்கு ஈரம்தான் முக்கியம். 2003-இல் ஆஸ்திரியாவில் ஆப்பிரிக்க ஆமைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள், ஓடு மேடு மேடாகப் புடைத்து வளர்வதற்குச் சாப்பாட்டில் புரதம் கூடியதைவிடக் காற்று உலர்ந்திருந்ததுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. ஒரு தடவை புடைத்துவிட்டால் திரும்பச் சரியாகாது. என் முதல் ஆமைக்கு முதல் வருடம் நான் செய்த தப்பு இது, இன்றைக்கும் அதன் முதுகைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

மீனா: மரப்பெட்டிக்கு எங்கே போவேன் அண்ணா? விலையும் அதிகம் சொல்கிறார்கள்.

சுந்தர்: பழைய புத்தக அலமாரி ஏதாவது இருக்கிறதா? மல்லாக்கப் படுக்கப் போடு, அதுதான் பெட்டி.

மீனா: கராஜில் ஒன்று இருக்கிறது! 180க்கு 80 செண்டிமீட்டர், ஆழம் 28.

சுந்தர்: அருமை. நடுத்தட்டுகளைக் கழற்றிவிடு, ஒன்றை மட்டும் விட்டு அதில் ஆமை நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் அறுத்துவிட்டால் வெயில் அறை, நிழல் அறை என்று இரண்டாகிவிடும். உள்ளே குளத்துக்குப் போடுகிற தடித்த ரப்பர் விரிப்பு. அதன்மேல் உரம் கலக்காத தோட்டத்து மண்ணில் கொஞ்சம் மணல், கொஞ்சம் தென்னை நார்த்தூள் கலந்து 10 செண்டிமீட்டர் உயரத்துக்குப் போடு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் பதம்.

அம்மா: கொழுக்கட்டை மாவுப் பதம் மாதிரியா?

சுந்தர்: அதேதான் சித்தி. மீனா, விளக்குக்குக் கீழே ஒரு பலகைக்கல் வை, கல்லின் மேல் வெப்பம் 33லிருந்து 35 டிகிரி, நிழல் பக்கம் 20லிருந்து 22. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வட்ட வெப்பமானியை நம்பாதே, கல்லின் மேலேயே வைத்து அளக்க வேண்டும். வெப்ப விளக்கு தனி, யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தருகிற குழல் விளக்கு தனி, ஆனால் இரண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும், சூடும் வெளிச்சமும் சேர்ந்து படவேண்டும். ஜன்னல் வெயில் போதும் என்று நினைக்காதே, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 சேராது, கால்சியம் சாப்பிட்டாலும் ஓட்டில் ஒட்டாது. குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு.

கௌதம்: மீனாக்கா, பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. இங்கே கோவையில் ஒருவர் நட்சத்திர ஆமைக்குட்டி வாங்கித் தருகிறேன் என்றார்.

பெரியப்பா: கௌதம், அந்தப் பேச்சே வேண்டாம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு, 2022 திருத்தத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணைக்கே கொண்டுபோய்விட்டார்கள், வாங்கினாலும் வைத்திருந்தாலும் குற்றம். சர்வீஸில் இருந்தபோது பறிமுதல் செய்த குட்டிகளை எண்ணியிருக்கிறேன், பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாதி செத்துப் போயிருக்கும். அதைக் காட்டிலிருந்து பிடிக்கிறவனுக்கு நம் காசு போகக் கூடாது.

கௌதம்: சரி பெரியப்பா, தெரியாமல் கேட்டுவிட்டேன். வேண்டாம்.

அம்மா: சுந்தர், சாப்பாட்டுக்குத் தக்காளி, வெள்ளரிக்காய் கொடுக்கலாமா?

சுந்தர்: பழம் வேண்டாம் சித்தி, இந்த இனத்துக்கு வயிறு கெட்டுவிடும். டாண்டிலயன், க்ளோவர் மாதிரிக் களைச்செடிதான் அதன் சாப்பாடு. செம்பருத்தி இலையும் பூவும் கொடுக்கலாம். பசலைக்கீரை வேண்டாம். கடல் நுரை, அதாவது கணவாயின் ஓடு, ஒரு துண்டு போட்டு வைத்தால் வேண்டும்போது கொறிக்கும்.

அம்மா: நாட்டு மருந்துக்கடையில் விற்பார்களே, அதுவா? அங்கே கிடைக்குமா?

மீனா: கிளிக்கூண்டில் தொங்கவிடுவது அம்மா, இங்கே எல்லாப் பறவைக் கடையிலும் இருக்கிறது. அண்ணா, கடையில் அழகான பாலம், ஏணி எல்லாம் பார்த்தோம், யாழினி கேட்கிறாள்.

சுந்தர்: வேண்டாம்மா. ஏறும், விழும், மல்லாந்துவிடும், விளக்குக்கு நேர் கீழே மல்லாந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து. தட்டைக் கல் இரண்டு, ஒரு ரோஸ்மேரிச் செடி போதும். மண்தொட்டி ஒன்றைச் சாய்த்துப் பாதி புதைத்து உள்ளே ஈரமண் போடு, அதுதான் அதன் படுக்கையறை. தண்ணீருக்குப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டை விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிடு, தண்ணீர் தாடையைத் தாண்டக் கூடாது. தினமும் 15 நிமிடம் வெதுவெதுப்பான நீரிலும் உட்காரவை. இரண்டு நாளில் சாப்பிடவில்லை என்றால், அல்லது கண் வீங்கினால், ஊர்வனவுக்கான டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே.

திங்கட்கிழமை

மீனா: அண்ணா! நேற்று மாலை மாற்றினோம், காலையில் பார்த்தால் ஆளையே காணோம். யாழினி அழுகிறாள், அலமாரி முழுக்கத் தேடியாயிற்று.

சுந்தர்: சாய்த்துப் புதைத்த மண்தொட்டிக்குள் மண்ணை மெதுவாக விரலால் தொட்டுப் பார். தோண்டாதே.

மீனா: இருக்கிறது! உள்ளே நாலு செண்டிமீட்டர் ஆழத்தில், முதுகு மட்டும் விரலில் படுகிறது.

சுந்தர்: அப்படியே விட்டுவிடு. ஏழு நாளில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்குகிறது.

மீனா: 11 மணிக்குத் தானாகவே வெளியே வந்தது அண்ணா. முதுகெல்லாம் மண்ணோடு கல்லின் மேல் காலை நீட்டிப் படுத்திருந்தது, இப்போது க்ளோவர் தின்கிறது. எடை 42. யாழினி ஸ்கூலிலிருந்து வந்ததும் காட்ட வேண்டும்.

அம்மா: வீடியோ எடுத்து அனுப்பு மீனா, அத்தானும் கேட்கிறார்.