மறு: மயோகார்டைட்டிஸ் – தமிழில் எப்படி?

> கொரோனா பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மயோகார்டைட்டிஸுக்கு 'இதய வீக்கம்' என்று போட்டிருக்கிறேன். போதுமா அண்ணா?

வணக்கம் தம்பி,

போதாது. 2021 இரண்டாம் அலையில் என் சித்தப்பா மகனுக்குக் கொரோனா வந்து தணிந்து, பத்து நாள் கழித்து நெஞ்சுவலியும் படபடப்பும். இதயத்தசை புண்பட்டால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருந்தது, ஈசிஜியிலும் மாற்றம். குடும்ப வாட்ஸாப்பில் வந்த செய்தி: "இதயம் வீங்கியிருக்காம்." சித்திக்கு உடனே ஞாபகம் வந்தது பக்கத்து வீட்டுத் தாத்தா. அவருக்கு ஹார்ட் பெரிதாகி, காலெல்லாம் நீர் கோத்து, கடைசிவரை மாத்திரையிலேயே ஓடியது. இவனுக்கோ எக்கோ ஸ்கேனில் இதயத்தின் அளவு சரியாகவே இருந்தது. புண்பட்டிருந்தது இதயத்தின் தசை, அதுதான் மயோகார்டைட்டிஸ். அதைச் சித்திக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

'இதய வீக்கம்' என்றால் நம் ஊரில் இதயம் பெரிதாவது என்றுதான் பொருள் கொள்வார்கள். தவிர, மயோகார்டைட்டிஸில் நடப்பது இதயத்தசையின் இன்ஃபிளமேஷன், அதாவது அழற்சி; வீக்கம் என்பது அதன் ஓர் அடையாளம் மட்டுமே. செல்சஸ் என்ற ரோமானியர் சொன்ன நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அதில் ஒன்றைப் பிடுங்கி மொத்தத்துக்கும் பெயராக வைப்பானேன்? என் ஓட்டு 'இதயத்தசை அழற்சி'க்கு.

> அழற்சி என்றால் அலர்ஜி என்றல்லவா படிப்பார்கள்?

நியாயமான பயம். அழற்சி என்பது அலர்ஜியின் தூய தமிழ் எழுத்துக்கூட்டல் என்று நம்பும் படித்தவர்களையே பார்த்திருக்கிறேன். ழகரம் நாக்கில் வராதவர் வாயில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். 'கொரோனாவால் இதய அலர்ஜி' என்று யாராவது புரிந்துகொண்டு செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை வாங்கப் போனாலும் ஆச்சரியமில்லை.

ஆனாலும் அந்தச் சொல்லைக் கைவிட மனமில்லை. அழல் என்றால் நெருப்பு. இன்ஃபிளமேஷன் என்ற சொல்லுக்குள்ளும் லத்தீன் நெருப்புதான் எரிகிறது. இரண்டு மொழிக்காரர்களும் உடம்பில் ஒரே அனுபவத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இப்படிப் பொருந்துவது அபூர்வம். சித்த மருத்துவர்கள் சொல்லும் 'தாபிதம்' அழகான சொல், ஆனால் அதற்கும் விளக்கம் எழுதவேண்டிவரும். மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க, இதயத்துக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு? அலர்ஜிக்கு 'ஒவ்வாமை' என்று விடாமல் எழுதிவந்தால் குழப்பம் பாதி குறையும்.

'இதய அழற்சி' என்று சுருக்கவும் வேண்டாம். இதயத்தில் உள்ளே ஒரு மெல்லிய உறை, நடுவில் தசை, வெளியே ஒரு பை. மூன்றிலும் அழற்சி வரலாம், மூன்றும் வேறு வேறு நோய். உள்ளுறை அழற்சி பெரும்பாலும் பாக்டீரியா வேலை. தசை அழற்சிக்குக் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே காக்சாக்கி போன்ற வைரஸ்கள் காரணமாக இருந்திருக்கின்றன. கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸ் 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு ஆட்டத்திலிருந்து விலகி நின்றாரே, அது தசை அழற்சிதான், லேசானது. ஏப்ரலில் திரும்பிவிட்டார். எங்கள் பையனையும் சில மாதம் ஓடக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்றார்கள். புண்பட்ட தசை, ஓய்வு கொடு என்றதும் அவனுக்கே காரணம் விளங்கியது. பெயரில் 'தசை' இருப்பதன் பலன் அதுதான்.

அப்புறம், உன் வரைவில் 'கொரோனாவின் பக்கவிளைவு' என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை மாற்றிவிடு. பக்கவிளைவு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் உரியது. நோய் இழுத்துவருவது 'சிக்கல்'. இங்கே அது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. ஃபைசர், மாடர்னா ஊசிகளுக்குப் பிறகு, குறிப்பாக இளைஞர்களில் இரண்டாம் டோஸுக்குப் பின், இதே அழற்சி அரிதாக வந்தது. அது பக்கவிளைவு. தொற்றால் வருவது சிக்கல். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வாசகர் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் திண்டாடுவார்.

சொல்லை ஒரு வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்கிறேன்: "அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 செப்டம்பரில் வெளியிட்ட மருத்துவமனைத் தரவின்படி, கொரோனா தொற்று உள்ளவர்களுக்கு இதயத்தசை அழற்சி வரும் வாய்ப்பு, தொற்று இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 16 மடங்கு, ஆனாலும் தொற்றாளர்களில் அது 0.146 விழுக்காட்டினருக்கே வந்தது." தடுக்கவில்லை, சரிதானே? முதல்முறை வரும்போது மட்டும் 'மயோகார்டைட்டிஸ் எனும் இதயத்தசை அழற்சி' என்று எழுது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த ஆங்கிலப் பெயர்தான் இருக்கும்.

எனக்கும் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. தசையும் வெளிப்பையும் சேர்ந்து அழலுக்குள்ளானால் பெரிமயோகார்டைட்டிஸ் என்கிறார்கள். 'இதயத்தசை-வெளியுறை அழற்சி' என்று கோடு போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. குழுவில் யாரிடமாவது இதைவிடச் சின்னதாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.