கணவரின் கட்டுப்பாட்டை அளக்கும் கேள்விகள்: களத்தில் கேட்டவர்கள் உதவுங்களேன்

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) ஆய்வுக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களிடம் பேசுகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கேள்விகளைத்தான் எடுத்திருக்கிறேன்: மனரீதியான வன்முறைக்கு 3, கட்டுப்படுத்தும் நடத்தைக்கு 6.

"எங்க இருக்கீங்கன்னு எந்நேரமும் கேட்பாரா?" என்றால், "அக்கறையிலதானே கேக்குறாரு" என்று சிரித்தார் ஒரு அக்கா. அந்த அக்காவின் சம்பளம் ஏறும் ஏடிஎம் கார்டு கணவரிடமாம்! அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார். லைவ் லொகேஷன், வாட்ஸ்அப்பை நோண்டுவது பற்றி அந்த ஆறில் எதுவுமே இல்லை, எனக்கு அதுதான் பெரிய ஓட்டை.

போன் விஷயத்தைப் பேச்சுத்தமிழில் எப்படிக் கேட்டீர்கள்? "எத்தனை தடவை" என்பதற்கு அளவுகோல் என்ன வைத்தீர்கள்? தனிமை இல்லையென்றால் கேட்கக்கூடாது, தெரியும். 181 பெண்கள் உதவி எண்ணும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாமியார் நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்தால் பேச்சை எப்படி மாற்றுவீர்கள்?