விழுந்த கேமராவும் ‘டீசென்டரிங்’கும்: அச்சுப்பிசகு என்னும் சொல்லை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கேமரா பழுது நீக்கப் பயில்வோருக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், கீழே விழுந்த டிஜிட்டல் கேமராவைச் சோதிப்பது பற்றிய இயல் என் பொறுப்பில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லால் மட்டும் எட்டுப் பக்கங்கள் நகராமல் நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘டீசென்டரிங்’ என்று சொல்லப்படும் கோளாறுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே சிக்கல். கடந்த வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட ‘மையவிலகல்’, ‘அச்சுப்பிறழ்ச்சி’, ‘அலைன்மென்ட் கோளாறு’ ஆகிய மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஏன் எனக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும், அவற்றுக்கு மாற்றாக நான் கருதும் சொல்லையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கோளாறு என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். கேமராவின் லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அன்று. பத்துப் பதினைந்து கண்ணாடி வில்லைகள் ஒரு குழலுக்குள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. அத்தனை வில்லைகளின் நடுவும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். அந்தக் கோடுதான் நம் பள்ளிப் பாடநூல்கள் ‘முதன்மை அச்சு’ என்று கற்பிப்பது. கேமரா தரையில் விழும்போது, பெரும்பாலும் கனமான முன்பகுதியே முதலில் மோதுகிறது. அந்த அதிர்வில் உள்ளே ஏதேனும் ஒரு வில்லையோ, வில்லைத் தொகுதியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்தாலும், சற்றே சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். கண்ணாடியில் கீறல் இராது. குழல் நீள்வதும் சுருங்குவதும் வழக்கம்போலவே நடக்கும். திரையில் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. இதனால்தான் விழுந்த கேமராவில் நேரும் கோளாறுகளில் மிக எளிதாகக் கண்ணுக்குத் தப்புவது இதுவாக இருக்கிறது.

எனக்கே இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் நடந்த வளைகாப்பின்போது கட்டில் மேல் வைத்திருந்த என் கேமரா நழுவித் தரையில் விழுந்தது. முன்வளையம் சற்று நெளிந்ததைத் தவிர வேறெந்த அடையாளமும் இல்லை. எடுத்துப் பார்த்தேன், படம் பதிவானது. நிம்மதியாகத் தொடர்ந்து படமெடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், குழுவாக நின்ற படங்கள் அனைத்திலும் இடப்பக்கம் நின்றிருந்தவர்களின் முகம் தெளிவில்லாமல் போயிருந்தது தெரிந்தது. அங்கே நின்றவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். அவர் இப்போது இல்லை. அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது. விழுந்த அன்றே சோதிக்கத் தெரிந்திருந்தால் வேறு லென்ஸை மாட்டியிருப்பேன். இந்த இயலில் இந்தக் கோளாறுக்குத் தெளிவான பெயர் வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் இல்லாத கோளாறை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘மையவிலகல்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ‘மையவிலக்கு விசை’ என்பதை ஒன்பதாம் வகுப்புக்குள்ளேயே படித்துவிடும் மாணவர், மையவிலகல் என்றதும் சுழலும் பொருளைத்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய இடையூறு ‘விலகல்’ என்னும் பகுதியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ஒளிவிலகல்’ என்பது ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் நுழையும்போது திசை மாறுவதைக் குறிக்கும் நிலைபெற்ற சொல். வில்லை பற்றிய ஒரே பத்தியில் ஒளியும் விலகுகிறது, மையமும் விலகுகிறது என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். இலங்கையில் அதே நிகழ்வை ‘ஒளிமுறிவு’ என்பார்கள். ஆகவே அங்குள்ள நண்பர் ஒருவர் தனிமடலில் சொன்ன ‘அச்சுமுறிவு’ம் இதே காரணத்தால் உதவாது. தமிழ்நாட்டில் ‘மின்தேக்கி’ (கெப்பாசிட்டர்) என்பதை இலங்கையில் ‘கொள்ளளவி’ என்பதுபோல், இரு நாட்டுப் பாடநூல்களும் பல இடங்களில் வேறுபடுகின்றன. நாம் ஆக்கும் சொல் இரண்டு இடங்களிலும் வேறொன்றோடு மோதாமல் இருக்க வேண்டும்.

‘மைய’ என்னும் முன்பகுதியிலும் குறை இருக்கிறது. வில்லை பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் மையம் இடம் மாறுகிறது, சரி. ஆனால் வில்லை நகராமல், இருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டால்? அப்போது மையம் கோட்டின்மேல்தான் இருக்கும். வில்லையின் அச்சு மட்டுமே கோட்டோடு பொருந்தாமல் போகும். விழுந்த லென்ஸ்களில் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. ஆங்கிலச் சொல் மையத்தைப் பிடித்துக்கொண்டது என்பதற்காக நாமும் மையத்தையே பிடிக்க வேண்டியதில்லை. ‘அச்சு’ என்றால் நகர்வும் சாய்வும் இரண்டும் அடங்கும்.

‘அச்சுப்பிறழ்ச்சி’யை முன்மொழிந்தவரின் நோக்கம் எனக்கு விளங்குகிறது, நிறப்பிறழ்ச்சி, கோளப்பிறழ்ச்சி என்று வில்லைகள் தரும் படத்தில் நேரும் குறைகளின் வரிசையில் இதையும் சேர்க்க விரும்புகிறார். ஆனால் அவை வில்லையின் வடிவத்திலும் கண்ணாடியின் இயல்பிலும் பிறந்தவை. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸிலும் ஓரளவு இருப்பவை. வில்லை இடம் மாறுவதால் படத்தில் பிறழ்ச்சிகள் தோன்றுகின்றன என்பது உண்மை: நடுவில் இருக்கும் விளக்கு கூட வால்மீன்போல் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும். அந்த இழுபடுதல் விளைவு. வில்லை இடம் மாறியது காரணம். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பழுது நீக்குபவர் எதைச் சரிசெய்கிறார் என்பதே குழம்பிவிடும்.

‘அலைன்மென்ட் கோளாறு’ என்பது கடைகளில் உண்மையாகவே வழங்குவது. என் லென்ஸைப் பார்த்தவரும் “அலைன்மென்ட் அவுட்” என்றுதான் சொன்னார். வழக்கில் இருக்கும் சொல்லை நான் ஒருபோதும் இழிவாக நினைக்கமாட்டேன். கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் என்று இந்த மடல் முழுவதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆயினும் இந்த ஒரு சொல் மிகப் பரந்தது. லென்ஸ் மாட்டும் வளையம் வளைந்தாலும் அலைன்மென்ட்தான், படத்தைப் பதிவுசெய்யும் ஒளியுணரி (சென்சார்) சாய்ந்தாலும் அலைன்மென்ட்தான், வண்டிச் சக்கரத்துக்கும் அலைன்மென்ட்தான்.

நான் முன்வைக்க விரும்பும் சொல் ‘அச்சுப்பிசகு’. கால் இடறி விழுந்தால் எலும்பு முறியலாம், அல்லது முறியாமல் மூட்டு மட்டும் பிசகலாம் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடு. எந்தப் பொருளும் உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்னும் நிலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. மேலும் ‘இம்மியும் பிசகாமல்’ என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். இம்மி என்பது முந்திரிக்கும், அதாவது 1/320க்கும், மிகக் கீழான ஒரு பின்ன அளவு. கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்தாலும் அது பிசகுதான் என்னும் பொருள் அந்தச் சொல்லுக்குள் முன்பே குடியிருக்கிறது. இந்த லென்ஸ் கோளாறின் இயல்பும் அதுவே.

இலக்கணத்திலும் இது இசைந்து வருகிறது. ‘அச்சுப் பிசகிய லென்ஸ்’, ‘அச்சுப் பிசகியிருக்கிறதா’, ‘அச்சுப் பிசகாமல்’ என்று பெயராகவும் வினையாகவும் பெயரெச்சமாகவும் வளைகிறது. ‘மையவிலகல் அடைந்த லென்ஸ்’ என்று துணைவினையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

‘பிசகு’ பேச்சுவழக்குச் சொல், தவறு என்றும் பொருள்படும், நூலுக்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தவறு என்னும் பொருளும் இடம் மாறுதல் என்னும் பொருளும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவையாகவே எனக்குப் படுகின்றன. பேச்சில் உயிரோடு இருப்பது கலைச்சொல்லுக்குக் குறையன்று. பயிற்சிக்கு வரும் இளைஞர் முதல் நாளிலேயே புரிந்துகொள்வார் என்பதே அதன் வலிமை.

இந்தச் சொல்லுக்கு எதிராக நானே கண்ட வலுவான தடை வேறொன்று. ‘அச்சு’ என்றால் அச்சிடுதலும் ஆகும். ‘அச்சுப்பிழை’ என்று நாள்தோறும் படிக்கும் கண், ‘அச்சுப்பிசகு’ என்பதையும் அச்சகத்துக் குற்றமாகவே முதலில் வாசிக்கும். இதைத் தவிர்க்க ‘ஒளியச்சுப்பிசகு’ என்று எழுதிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாயிற்று, ஏனெனில் புத்தகங்களின் முதல் பக்கத்தில் ‘ஒளியச்சு’ என்று எழுத்துக்கோப்பையே குறிக்கிறார்கள். வண்டியின் அச்சைக் குறிக்கும் ‘இருசு’ என்னும் பழைய சொல்லையும் எண்ணினேன். அழகான சொல், ஆனால் ஒளியியலில் அதை யாரும் கேட்டதில்லை. இரண்டு நாள் யோசித்த பின், இயலில் முதன்முறை வரும் இடத்தில் ‘வில்லையச்சுப் பிசகு’ என்று முழுமையாக எழுதி விளக்கிவிட்டு, அதன்பின் ‘அச்சுப்பிசகு’ என்று சுருக்கிக்கொள்வது என்னும் முடிவுக்கு வந்திருக்கிறேன். லென்ஸைப் பற்றியே பேசும் பக்கங்களில் அச்சகம் நினைவுக்கு வர வாய்ப்பில்லை.

சொல் நடைமுறையில் எப்படி நிற்கிறது என்று பார்க்க, இயலின் ஒரு பத்தியை இங்கே தருகிறேன்:

“கேமரா விழுந்த பின் வில்லையச்சுப் பிசகு நேர்ந்திருக்கிறதா என்று அறிய, கேமராவை முக்காலியில் பொருத்தி, தொலைவில் உள்ள நுண்விவரம் நிறைந்த காட்சியை லென்ஸின் மிகப் பெரிய துளை அளவில் படமெடுக்கவும். அதிர்வு தாங்கும் வசதி (கைநடுக்கத்தால் படம் கலங்காமல் காப்பது) இருந்தால் முன்னதாக அதை அணைத்துவிடவும். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மீண்டும் எடுக்கவும். இரண்டு படங்களிலும் கேமராவின் அதே பக்கமே மங்கியிருந்தால் குறை கருவியில்தான் இருக்கிறது. மங்கல் காட்சியின் ஒரே பகுதியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் கருவியில் குறை இல்லை. அடுத்து துளையைச் சிறிதாக்கி, எஃப் 11 அளவில் எடுக்கவும். அச்சுப் பிசகிய லென்ஸில் மங்கல் குறைந்து காணப்படும். இறுதியாக வேறொரு நல்ல லென்ஸை மாட்டிச் சோதிக்கவும். அப்போதும் அதே பக்கம் மங்கினால் அது அச்சுப்பிசகு அன்று. மாட்டும் வளையமோ ஒளியுணரியோ சாய்ந்திருக்கலாம்.”

இதனோடு இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்திருக்கிறேன். அதிர்வு தாங்கும் லென்ஸ்கள் சிலவற்றில், மின்சாரம் இல்லாதபோது உள்ளிருக்கும் மிதவைத் தொகுதி அசைந்து ஒலியெழுப்பும். குலுக்கிப் பார்த்துவிட்டு உடைந்துவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. மற்றொன்று உயிரைப் பற்றியது: ஃபிளாஷ் உள்ள கேமராவின் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம், கருவியை அணைத்து பேட்டரியைக் கழற்றிய பின்னும் தங்கியிருக்கக் கூடும். மின்தேக்கியை முறைப்படி வெறுமையாக்கக் கற்காத எவரும் மூடியைத் திறக்கக் கூடாது.

குழல் பாதியில் நின்றுவிடும் சிறிய கேமராக்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் குழலின் உட்புறம் திருகுச்சுற்றாக வெட்டிய பள்ளங்கள் வழியே சிறு முளைகள் ஓடுகின்றன; விழுந்த அடியில் முளை பள்ளத்தை விட்டு வெளியேறிவிடும். இதற்கு இங்கே முன்மொழியப்பட்ட ‘தடம்புரளல்’ அருமையான சொல். ரயிலுக்கு எப்படியோ அப்படியே இதற்கும். அதை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி மீதியிருக்கிறது. அச்சுப் பிசகிய வில்லையை மீண்டும் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும் வேலைக்கு என்ன பெயர்? ‘அச்சு நேராக்கல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். ஆனால் வளைந்த கம்பியை நேராக்குவதுபோல் அது ஒலிக்கிறது. இங்கே வளைந்தது எதுவுமில்லை, பொருந்தாமல் போனதுதான் இருக்கிறது. ‘அச்சுப்பொருத்தம்’ என்று வைக்கலாமா என்றும் தோன்றுகிறது. அதில் செயலை விட நிலையே தெரிகிறது. கைவேலை செய்யும் நண்பர்கள் எவரேனும் தம் பட்டறையில் இதற்கு வழங்கும் சொல்லை எழுதினால், அடுத்த வாரம் அந்தப் பத்திகளையும் முடித்து அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
இயல் ஏழின் பொறுப்பாளர்