நாலு சீட்டில் பொதுப் போக்குவரத்தா?

ஒட்டுசுட்டான்_பெடியன்: "மாங்குளம்–முல்லைத்தீவுக்கு இனிப் பஸ் கேட்டு மினக்கெடாதேங்கோ, பறக்கும் டாக்சி வந்தால் பத்து நிமிஷம்" என்று நேற்று இங்கே ஸ்காபரோ_தம்பி எழுதியிருக்கிறார். வாசித்ததிலிருந்து எரிச்சல். பறக்கும் டாக்சி செய்கிற ஜோபி கொம்பனியின் மெஷினில் பைலட்டைத் தவிர நாலு சீட். காலமை பஸ்ஸில் புட்போட்டிலேயே நாலு பேர் தொங்குகிறார்கள், ஐயா!

ஸ்காபரோ_தம்பி: மணிக்கு 320 கிலோமீற்றர் போகும். ரோட்டால் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். கணக்குத் தெரிந்தால் போட்டுப் பாரும். துபாய் 2024இலேயே ஜோபியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது, நீங்கள் இன்னும் புட்போட்டில்.

ஒட்டுசுட்டான்_பெடியன்: துபாய் சரி, பாரிஸ் என்னவாம்? 2024 ஒலிம்பிக்கில் பறக்கிறோம் என்று நின்ற வொலோகொப்டர் கொம்பனி காசுக்கு ஒருத்தரைக்கூட ஏற்றவில்லை. அந்த டிசம்பரிலேயே வங்குரோத்து மனு. உதே பறக்கும் டாக்சி செய்ய வெளிக்கிட்ட லிலியம் கொம்பனி அதற்கும் முந்தி, ஒக்டோபரில். அதை விடுவம். நாலு சீட்டுக்குப் பதில் சொல்லும்.

பரந்தன்_சந்தி: முல்லைத்தீவிலிருந்து ஒரு நோயாளியை அவசரமாக யாழ்ப்பாணம் கொண்டுபோக ஒரு சீட் போதுமே அண்ணை.

ஒட்டுசுட்டான்_பெடியன்: அதுக்குப் பெயர் அம்புலன்ஸ். கச்சான் மூட்டையோடு ஏறுகிற ஆச்சியைக் கொண்டக்டர் "உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ" என்று தள்ளி, மூட்டையை எஞ்சின் பெட்டிக்கு மேல் வைக்கிறாரே, நான் கேட்பது அந்தச் சனத்துக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையளின் சீசன் டிக்கெட் உதில் செல்லுமோ? நாலு சீட்!

தண்ணிமுறிப்பான்: உது கரண்டில் ஓடுகிற சாமான், சார்ஜ் எங்கே போடுவது? 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. வன்னியில் குரங்குக்குப் பஞ்சமோ?

பரந்தன்_சந்தி: இரணைமடுவில் ஓடுபாதை இருக்கே, அங்கே இறங்கலாம்.

தண்ணிமுறிப்பான்: அது விமானப்படையின் கையில். அதோடு இது செங்குத்தாக எழும்புகிற சாமான், ஓடுபாதை எதுக்கு? தெரியாட்டில் பேசாமல் இரும்.

பரந்தன்_சந்தி: நான் உம்மோடு கதைக்கவில்லை. குரங்குக் கதையை வேறெங்காவது போய்ச் சொல்லும்.

ஸ்காபரோ_தம்பி: பெடியனுக்கு ஏன் கொதிக்கிறது என்று ஊருக்கே தெரியும். மினிபஸ் ஓடுகிற ஆள்.

ஒட்டுசுட்டான்_பெடியன்: மினிபஸ் மச்சானுடையது. வைரவர் கோயில் திருவிழாவுக்கு வாட்சப்பில் ஐம்பதினாயிரம் என்று எழுதிவிட்டு அனுப்பாதவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஸ்காபரோ_தம்பி: பொருளாளர் கணக்குக் காட்டட்டும், மறுநாளே அனுப்புகிறேன். கதையை மாற்றாதேயும். பத்து நிமிஷம்!

ஒட்டுசுட்டான்_பெடியன்: நாலு சீட்!

ஸ்காபரோ_தம்பி: கிணற்றுத் தவளைகளோடு கதைத்துப் பயனில்லை. ஆடியில் ஊருக்கு வருகிறேன், நேரில் பார்ப்பம்.

ஒட்டுசுட்டான்_பெடியன்: வாரும். மாங்குளத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்கிறீரோ, வாடகை வான் பிடிக்கிறீரோ பார்ப்பம். அந்த வாடகை வானிலும் நாலு சீட்டை விடக் கூட, சொல்லிப்போட்டன்.