கொல்கத்தா மெட்ரோ: 3.4 கிலோமீட்டருக்கு இவ்வளவு பெருமையா?

டெல்லிவாசி:
"இந்தியாவின் முதல் மெட்ரோவான கொல்கத்தாதான் தாய், மற்ற மெட்ரோக்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்" என்று ஒருவர் எழுதியதைப் படித்ததில் இருந்து எரிச்சலாக இருக்கிறது. 1984 அக்டோபர் 24-ல் திறந்தது எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை வெறும் 3.4 கி.மீ. டம்டம் - டாலிகஞ்ச் முழுப்பாதையும் ஓட 1995 ஆனது. 1972-ல் அடிக்கல், 23 வருடத்தில் 16 கி.மீ. டெல்லி முதல் கட்டத்திலேயே 65 கி.மீ. போட்டது. எது தாய்?

பெரம்பூரான்:
3.4 என்று வாய் கூசாமல் சொல்கிறீர்கள். டெல்லி 2002-ல் திறந்த ஷாதரா - தீஸ் ஹசாரி பாதையில் சுரங்கம் எத்தனை கி.மீ.? பூஜ்யம். அங்கே ரயில் மண்ணுக்குள் இறங்கியதே 2004 டிசம்பரில்தான்.

கொல்கத்தா மண் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். சாலையின் இரு ஓரமும் ஒடுக்கமாகப் பள்ளம் வெட்டி, கரை சரியாமல் இருக்க பெண்டோனைட் களிமண் கரைசலை நிரப்பி, அதற்குள் கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினார்கள். கான்கிரீட் அடியில் நிரம்ப நிரம்பக் கரைசல் மேலே வரும். அப்படித்தான் சுவர் எழும்பியது. பிறகுதான் நடுவில் தோண்டவே முடியும். இதற்கு நடுவே குடிநீர்க் குழாய், சாக்கடை, கேபிள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ஆரம்ப வருடங்களில் பணமும் ஒழுங்காக வரவில்லை. 23 வருடம் என்று கணக்குப் போடுகிறவர் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

டெல்லிவாசி:
மண் பாடம் கேட்கவில்லை. 3.4 கி.மீ.யா, இல்லையா?

ஹூக்ளிக்கரை:
நான் கொல்கத்தாவில் இருப்பவன். ரவீந்திர சதன் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள், தாகூரின் கையெழுத்துப் பிரதிகளைச் சுவரிலேயே வைத்திருக்கிறார்கள். அவர் அடித்துத் திருத்திய இடங்கள் சித்திரமாக வளைந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டே நின்று ஒரு வண்டியை விட்டிருக்கிறேன். இந்த ஊருக்கு மெட்ரோ எவ்வளவு நெருக்கம் என்று கி.மீ. கணக்கில் தெரியாது.

டெல்லிவாசி:
குளிர்சாதன வண்டி 2010-ல்தானே வந்தது? அதுவரை மின்விசிறிக் காற்றில் கையெழுத்து ரசித்தீர்களா?

பெரம்பூரான்:
அந்த மின்விசிறிப் பெட்டிகளைக் கட்டியது பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப். அப்பா அங்கே வெல்டராக இருந்தார். முன்மாதிரி எதுவும் இந்தியாவில் இல்லாத காலத்தில் நம் ஆட்கள் செய்தது. வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள்.

வேளச்சேரி_வண்டி:
ஐசிஎஃப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 1995-ல் வந்த நம் சென்னைப் பறக்கும் ரயிலை ஏன் யாரும் மெட்ரோ என்று சொல்வதில்லை?

பெரம்பூரான்:
பாலத்து மேலே ஓடுவதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? வந்தே பாரத் ரயில் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் குழப்பினீர்கள், மறக்கவில்லை.

வேளச்சேரி_வண்டி:
அங்கே தப்பாகச் சொன்னது நீங்கள். சரி, விடுங்கள்.

டெல்லிவாசி:
கொல்கத்தாவின் புதிய கிழக்கு-மேற்குப் பாதையும் அதே லட்சணம்தானே? 2019-ல் பவ்பஜாரில் சுரங்கம் தோண்டும்போது தண்ணீர் புகுந்து மேலே வீடுகள் இடிந்தன.

ஹூக்ளிக்கரை:
வீடு இழந்தவர்களை வாதத்துக்கு இழுக்காதீர்கள். அந்தத் தெருக்காரர்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். அதே பாதைதான் 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஹவுரா போனது. இந்தியாவில் ஆற்றுக்குக் கீழே போன முதல் மெட்ரோ.

டெல்லிவாசி:
மறுபடியும் "முதல்"!

பெரம்பூரான்:
ஆமாம், முதல்தான். டெல்லி மெட்ரோவைக் கட்டிய உங்கள் ஸ்ரீதரனே 1970-ல் கொல்கத்தா மெட்ரோவின் திட்டமிடலில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அங்கே கற்றதை டெல்லியில் செய்தார். தாய் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

டெல்லிவாசி:
அங்கே முடியாததை டெல்லியில் முடித்தார் என்று நான் சொல்வேன். 3.4.

பெரம்பூரான்:
பூஜ்யம்.